மூன்று வேளையும் வந்த கோடு

துண்டில் சுற்றிய செட்

சேவியர் என் மேஜையில் ஒரு துண்டு மூட்டையை வைத்தபோது மீன் என்றுதான் நினைத்தேன். ராமேஸ்வரம் தீவில் நாங்கள் கேம்ப் போட்டால் யாராவது இப்படி எதையாவது கொண்டுவருவார்கள். வாங்கக் கூடாது என்பது அலுவலக விதி. வாங்காவிட்டால் கொடுப்பவர் முகம் சுருங்கிவிடும் என்பது ஊர் நிலவரம். எப்படி மறுப்பது என்று யோசித்துக்கொண்டே முடிச்சை அவிழ்த்தேன். உள்ளே இருந்தது வி.எச்.எஃப். செட், படகில் வைத்துப் பேசுகிற கையடக்க வயர்லெஸ்.

"இதை நீங்களே வச்சுக்கங்க மேடம். கடலுக்குள்ள இது எனக்குச் சுமைதான்."

சேவியர் விசைப்படகு ஓட்டுபவர். மீன்பிடித் தடைக்காலம் தொடங்குவதற்குச் சற்று முன்பு, கடலில் அவருடைய படகின் இன்ஜின் நின்றுவிட்டது. நீரோட்டம் கிழக்கே இழுத்துப் போயிருக்கிறது. சேனல் பதினாறில் கூப்பிட்டிருக்கிறார். ஆபத்தில் கூப்பிடுவதற்கென்றே உலகம் முழுக்க ஒதுக்கி வைத்திருக்கிற சேனல் அது. கரையோர நிலையத்தில் ஒருவர் எந்நேரமும் அதற்குக் காது கொடுத்து உட்கார்ந்திருப்பார். அன்றும் உட்கார்ந்துதான் இருந்தார். அவருக்குக் கேட்டது வெறும் இரைச்சல்.

"தொண்டை வத்துற வரைக்கும், செட்டுல பேட்டரி தீர்ற வரைக்கும் கூப்பிட்டேன். பதிலே இல்ல. மறுநா காலைல ஒரு படகுக்காரன் பாத்துக் கட்டி இழுத்துட்டு வந்தான். அவன் மட்டும் பாக்கலேன்னா நான் இந்நேரம் அந்தக் கரையில கெடப்பேன். இல்ல, அடியில கெடப்பேன்."

"இரைச்சல் எங்கிருந்து வருதுன்னு நினைக்கிறீங்க?"

"இதுல நெனைக்க என்ன இருக்கு? அந்தக் கரையில இருந்து ஜாம் பண்றாக. ஜெட்டியில யாரை வேணும்னாலும் கேளுங்க."

கேட்டேன். படகுத்துறையில் வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள், படகுக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தவர்கள் என்று எல்லோரும் கடலைப் பார்த்துக் கை நீட்டினார்கள். இந்தக் கடற்கரையில் எது கெட்டாலும் முதலில் அந்தத் திசையில்தான் கை போகும். அதற்கு அவர்களிடம் காரணங்கள் இல்லாமலும் இல்லை. ஆனால் பல பேர் ஒரே திசையில் கை நீட்டினால் எனக்கு உடனே எரிச்சல் வந்துவிடும். இத்தனை வருட வேலை எனக்குக் கொடுத்த கெட்ட குணம் அது.

என் வேலை என்ன என்று சொல்லிவிடுகிறேன். வயர்லெஸ் கண்காணிப்பு. காற்றில் யார் எந்த அலைவரிசையில் பேசுகிறார்கள், பேசக் கூடாத இடத்தில் யார் புகுந்திருக்கிறார்கள் என்று பார்த்து, தேடிப் போய் நிறுத்துவது. பரமக்குடிப் பக்கம் மிளகாய்க் காட்டுக்காரரின் மகளான நான் இந்த வேலைக்குப் போனபோது, "காத்துல போறதைப் பாக்கச் சம்பளமா?" என்று அய்யா சிரித்தார். ஓய்வுபெறும்வரை அதைத்தான் பார்த்தேன்.

சேவியர் எழுந்து போகும்போது வாசலில் நின்று சொன்னார்: "தடைக்காலம் முடிஞ்சா அத்தனை படகும் ஒரே நேரத்துல எறங்கும். அதுக்குள்ள சரி பண்ணுனீங்கன்னா வந்து எடுத்துக்கிறேன். இல்லேன்னா உங்க மேசையிலயே கெடக்கட்டும்."

செட் மேஜையில் கிடந்தது. நான் கோப்புகளைத் திருப்பும்போதெல்லாம் என் முழங்கையில் இடித்தது.

படத்தைப் படிப்பது

காதால் கேட்டால் எல்லா இரைச்சலும் ஒன்றுதான். அதனால்தான் நாங்கள் கண்ணால் கேட்கிறோம்.

ஆஸிலோஸ்கோப் என்ற கருவி சிக்னலை நேரத்தின் போக்கில் வரைந்து காட்டும். ஆன்டெனாவில் வந்து விழுகிற எல்லாவற்றையும் அதில் கொடுத்தால் திரையில் சிக்கெடுக்க முடியாத நூல்கண்டுதான் தெரியும். மீன் ஏலம் நடக்கும்போது கண்ணை மூடிக்கொண்டு நின்றால் எப்படி இருக்குமோ அப்படி. எல்லோரும் ஒரே நேரத்தில் கத்துவார்கள், யார் என்ன விலை கேட்டார் என்று புரியாது. ஸ்பெக்ட்ரம் அனலைசர் அந்தக் கூட்டத்தைப் பிரித்து வரிசையில் நிறுத்திவிடும். இடது பக்கம் தாழ்ந்த அலைவரிசை, வலது பக்கம் உயர்ந்த அலைவரிசை. யார் குரல் ஓங்கியிருக்கிறதோ அவர் இருக்கும் இடத்தில் ஒரு கம்பம் உயர்ந்து நிற்கும். இதுதான் ஸ்பெக்ட்ரம்.

ஆனால் அது அந்தக் கணத்துப் படம் மட்டுமே. அடுத்த கணம் அழிந்துவிடும். அதனால் ஒவ்வொரு படத்தையும் நிறம் பூசிய மெல்லிய வரியாக்கி, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே போவோம். வலுவான சிக்னல் மஞ்சள், சிவப்பு. ஒன்றும் இல்லாத இடம் கருநீலம். பாய் பின்னும்போது வரி வரியாக வளர்கிற மாதிரி படம் வளரும். இதற்கு வாட்டர்ஃபால் என்று பெயர். தொடர்ந்து ஒலிபரப்பாகும் நிலையம் இதில் மேலிருந்து கீழ்வரை நேர்க்கோடாகத் தெரியும். பேசிவிட்டு நிறுத்துகிறவர்கள் துண்டுத் துண்டாகத் தெரிவார்கள்.

கரையோர நிலையத்துக்குப் பக்கத்தில் ஆன்டெனாவை நிறுத்தி, வாட்டர்ஃபாலை ஓடவிட்டோம். சேனல் பதினாறை ஒட்டிக் கருநீலமாகவே கிடந்த திரையில், காலையில் திடீரென்று ஒரு மஞ்சள் கோடு முளைத்தது. அரை மணி நேரம்போல் ஓடிவிட்டு நின்றது. மத்தியானம் மறுபடி வந்தது. சாயங்காலம் மறுபடி. மறுநாளும் அப்படியே, அதற்கடுத்த நாளும் அப்படியே. மூன்று வேளையும் சாப்பாட்டுக்கு வருகிற மாதிரி வந்தது.

எங்கள் பொறுப்பு அதிகாரி கதிரேசன் சார் என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தார். நிதானமானவர். வேலையில் கில்லாடி. சந்தேகம் வந்துவிட்டால் மட்டும் அதை யாராலும் கழற்ற முடியாது.

"பேச்சு இருக்கா அதுல?"

"இல்ல சார். பேச்சு ஏறாத வெறும் கேரியர் அலை மாதிரிதான் இருக்கு."

"பேச்சே இல்லாம, தினமும் அதே நேரத்துக்கு, மூணு வேளை. எந்த ஊருன்னு பாருங்கம்மா. இங்க கடல்ல எதெது போகுது வருதுன்னு உங்களுக்குத் தெரியாதா? 'வரலாம்', 'வராதே'ன்னு யாரோ யாருக்கோ சிக்னல் குடுக்குறான். இது நம்ம கேஸ் இல்ல, போலீஸ் கேஸ்."

அவர் சொன்னதில் பிழை இல்லை. ஒழுங்காக வருவது தானாக வராது. அதற்குப் பின்னால் ஒரு மனிதக் கை இருக்கிறது. அந்த அளவுக்கு நானும் ஒப்புக்கொண்டேன். ஆனால் அந்தக் கோடு எனக்கு உறுத்தியது. அது நேராக இல்லை. காலைக் கோடு போகப்போக இடது பக்கம் சாய்ந்தது. சாயங்காலக் கோடு வலது பக்கம் சாய்ந்தது. நடுப்பகல் கோடு பாம்பு மாதிரி நெளிந்தது. சில இடங்களில் மெல்ல நடுங்கவும் செய்தது. வேண்டுமென்றே ஒலிபரப்புகிறவன் ஏன் இப்படி அலைய வேண்டும்? சாதாரண மலிவு செட்டில்கூட உள்ளே ஒரு கிரிஸ்டல் இருக்கும். அது அலைவரிசையை ஒரே இடத்தில் கட்டிப்போடும். கிரிஸ்டல் இருக்கிற எதுவும் இவ்வளவு தூரம் சாயாது.

டீக்கடை மின்விசிறி

திசை காட்டும் ஆன்டெனாவை வேனின் மேல் பொருத்திக்கொண்டு கிளம்பினோம். முதலில் மண்டபத்தில், கரையோரம் நின்று பார்த்தோம். முள் கிழக்கே கடலைக் காட்டியது.

"பார்த்தீங்களா?" என்றார் சார். ஜெட்டிக்காரர்கள் சொன்னதும் அவர் சொன்னதும் அங்கே ஒன்றுசேர்ந்துவிட்டன.

பாலத்தைக் கடந்து, ராமேஸ்வரம் டவுனுக்குப் போய் மத்தியானக் கோட்டுக்குக் காத்திருந்தோம். கோடு வந்தது. இந்த முறை முள் மேற்கே காட்டியது, நாங்கள் வந்த வழியையே.

"அந்தக் கரை எடம் மாறி மேக்க வந்துருச்சு போல சார்," என்றேன். சார் சிரிக்கவில்லை. மேப்பை மடியில் விரித்து இரண்டு கோடுகளையும் போட்டார். அவை அக்காள்மடத்துக்குப் பக்கத்தில் வெட்டிக்கொண்டன. இத்தனை பேரும் கடலைப் பார்த்துக் கை நீட்டிக்கொண்டிருக்க, சங்கதி எங்கள் முதுகுக்குப் பின்னால் மெயின் ரோட்டோரம் இருந்தது.

சாயங்காலம் அக்காள்மடத்தில் ஒரு டீக்கடை முன்னால் வேனை நிறுத்தினோம். கோடு வழக்கம்போல் முளைத்தது. மிக அருகில் இருந்ததால் திரையே சிவந்துபோனது. நான் மடிக்கணினியை வேனின் படியில் வைத்துக்கொண்டு டீ குடித்தேன். அப்போது டீக்கடை மின்விசிறி நின்றது. ரேடியோவில் ஓடிக்கொண்டிருந்த பாட்டு நின்றது. அதே நொடியில் திரையில் கோடும் நின்றது.

"கரண்டு போச்சு. இனி எப்ப வருமோ," என்றார் கடைக்காரர், துண்டால் விசிறிக்கொண்டே.

நான் டீயைக் கீழே வைத்தேன். எங்கள் கருவிகள் வேனின் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தன, அவற்றில் ஒரு குறையும் இல்லை. சற்றுப் பொறுத்து விசிறி சுற்றத் தொடங்கியது. கோடும் வந்தது, முன்பு விட்ட இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி.

"எதேச்சையா இருக்கும்," என்றார் சார். ஆனால் அவரும் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"சார், ஒரு நிமிஷம் பாருங்க," என்று அனலைசரைத் திருப்பினேன். இதுவரை நாங்கள் அகலமாக வைத்துப் பார்த்திருந்தோம். அகலமாக வைத்தால் பக்கத்துப் பக்கத்தில் இருப்பவை எல்லாம் ஒன்றாய் ஒட்டி, தடித்த ஒற்றைக் கோடாகத் தெரியும். ரெசல்யூஷன் பேண்ட்விட்த் என்று ஒன்று உண்டு; எவ்வளவு நெருக்கமான இரண்டு சிக்னல்களைக் கருவி பிரித்துக் காட்டும் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. அதைக் குறுக்கினேன். கருவி மெதுவாக வரையத் தொடங்கியது. ஒற்றைக் கோடு பிரிந்தது. நடுவில் ஒரு முள், இரண்டு பக்கமும் சம இடைவெளியில் சின்னச் சின்ன முட்கள். நெத்திலிக் கருவாட்டைப் பிளந்து வைத்த மாதிரி இருந்தது. இடைவெளியை அளந்தேன். நூறு ஹெர்ட்ஸ்.

அதற்கு மேல் சாருக்கு நான் விளக்கவில்லை, விளக்கத் தேவையும் இல்லை. வீட்டு மின்சாரம் ஐம்பது ஹெர்ட்ஸ். அதைப் பழைய அடாப்டர் ஒன்று நேர்மின்சாரமாக மாற்றும்போது, உள்ளே அதைச் சமப்படுத்துகிற கெப்பாசிட்டர் செத்துக் கிடந்தால், நூறு ஹெர்ட்ஸ் நடுக்கம் மிச்சம் நிற்கும்.

"வீட்டுக் கரண்ட்," என்றார் சார், மெதுவாக.

"வெயில் ஏறுனா ஒரு பக்கம் சாயுது, வெயில் இறங்குனா மறுபக்கம் சாயுது. மேகம் வந்தா நெளியுது. அப்ப வெட்டவெளியில இருக்கு. காத்தடிச்சா நடுங்குது, அப்ப உயரத்துல இருக்கு. ஒரு கள்ளக்கடத்தல்காரன் செட்டைக் கம்பத்து மேல கட்டி, வீட்டு பிளக்குல சொருகி வச்சிருப்பானா சார்? இது ஆன்டெனா பூஸ்டர். கெட்டுப்போன பூஸ்டர்."

பூஸ்டர் என்பது தூரத்து நிலையத்தின் மெலிந்த சிக்னலைப் பெரிதாக்கித் தருகிற சின்னப் பெட்டி. ஆன்டெனாவோடு கம்பத்திலேயே கட்டியிருப்பார்கள். கேட்பதற்கான பெட்டிதான். ஆனால் உப்புக்காற்றில் கனெக்டர் அரித்துப்போனால், அது பெரிதாக்கியது அதற்குள்ளேயே திரும்பப் போய், ஊளையிடத் தொடங்கிவிடும். மைக்கை ஸ்பீக்கர் பக்கத்தில் கொண்டுபோனால் கீச்சென்று கத்துமே, அதே கதைதான். கேட்க வைத்த பெட்டி கத்துகிற பெட்டியாகிவிடும்.

சார் கைபேசியை எடுத்தார், பிறகு பையில் வைத்தார். "மூணு வேளை எதுக்கு?" என்றார். அது திரையில் இல்லை.

"நாளைக்குக் காலையில ஒரு தடவை நாமளே போய்ப் பாக்குறோம். கையில ஒண்ணும் சிக்கலேன்னா மத்தியானம் நான் போலீசுக்குச் சொல்லிருவேன். அப்புறம் நீங்க என்னை நிறுத்தக் கூடாது," என்றார்.

எனக்குப் பயமாக இருந்தது. போலீஸ் போனால் முதலில் கதவை உடைத்துவிட்டுத்தான் கேள்வி கேட்கும். உள்ளே யார் இருந்தாலும் அந்த வீடு அதற்குப் பிறகு ஊரில் பழைய வீடாக இருக்காது.

கம்பத்தடி வீடு

காலையில் கையில் பிடிக்கும் ஆன்டெனாவும் சின்ன அனலைசருமாக நடந்தோம். சேவியரின் செட்டையும் தோள்பையில் போட்டுக்கொண்டேன். கோடு வந்ததும் சந்துகளில் திரும்பித் திரும்பிப் போனோம். ஓலை வேலிக்குப் பின்னால், ஒரு ஷீட் போட்ட வீட்டின் கொல்லையில் இரும்புக் கம்பம் நின்றது. வலைக்கயிற்றால் மூன்று பக்கமும் இழுத்துக் கட்டியிருந்தார்கள். உச்சியில் ஆன்டெனா தென்கிழக்கே நீட்டிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே பாலிதீன் பை சுற்றிய ஒரு பெட்டி. பை கிழிந்து காற்றில் படபடத்தது.

வாசல் திறந்துதான் இருந்தது. ஐம்பத்தைந்து வயதிருக்கும் ஒரு அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டு ரேடியோ முன்னால் உட்கார்ந்திருந்தார். ரேடியோவில் ஒரு பெண் குரல் அந்தக் கரைத் தமிழில் வாசித்துக்கொண்டிருந்தது: இன்னாரைப் பிறப்பிடமாகவும், இன்ன ஊரை வசிப்பிடமாகவும் கொண்டவர், காலமானார். அன்னார், காலஞ்சென்ற இன்னாரின் அன்பு மகனும், இன்னாரின் பாசமிகு சகோதரரும் ஆவார்.

நான் பேச வாயெடுத்தேன். அந்த அம்மா திரும்பாமலே கையை உயர்த்தினார், பொறு என்று. அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டிருந்த நானும் கதிரேசன் சாரும் நிலைப்படியில் பேசாமல் நின்றோம். பெயர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. உற்றார் உறவினர் அறியத் தந்தாயிற்று. வாசிப்பு முடிந்து பாட்டு தொடங்கியதும் அவர் எட்டி, ரேடியோவுக்கும் கம்பத்துப் பெட்டிக்கும் சேர்த்துப் போட்டிருந்த ஸ்விட்சை அணைத்தார். என் கையிலிருந்த திரையில் கோடு படுத்துவிட்டது.

"யாரு? கேபிள்காரவுகளா?"

அவர் பெயர் பஞ்சவர்ணம். மெயின் ரோட்டில் இட்லிக் கடை போட்டிருக்கிறார். வீட்டுக்காரர் தவறிவிட்டார். மகன் திருப்பூரில் இருக்கிறான்.

"மரண அறிவித்தல் மட்டும்தான் கேப்பீங்களா?" என்றேன்.

"வேற என்ன இருக்கு அதுல எனக்கு? காலைல, மத்தியானம், சாயங்காலம், மூணு வேளை வாசிப்பாக. முடிஞ்சதும் அமத்திருவேன். கரண்டு பில்லு யாரு கட்டுறது?"

சார் என்னைப் பார்த்தார். அவருடைய மூன்று வேளைக்குப் பதில் வந்துவிட்டது.

"எங்க அண்ணே அங்கன இருக்காக," என்றார் பஞ்சவர்ணம். "கப்பலு ஓடுன காலத்துல மன்னாருக்குக் கடை வேலைக்குப் போனாக. நான் எங்க வீட்டுக்காரரைக் கட்டுனது அவுகளுக்குப் புடிக்கல. 'என் சாவுக்கும் வராதே'ன்னு சொல்லிட்டுக் கப்பல் ஏறுனவுக. பெறகு அந்தக் கரையில சண்டை வந்துச்சு, கப்பல் நின்னுபோச்சு. அதோட சரி."

"போன்ல, நெட்ல தேடிப் பாக்கலையா?"

"மகன் தேடுனான். அதே பேருல ஊருப்பட்ட பேரு இருக்காகளாம். அதுல எந்த ராமசாமி எங்க அண்ணே?" கீரையை முறத்தில் தட்டினார். "சாவுக்கு வரவேண்டாம்னு சொன்னாக, சரி. செத்தா தெரிஞ்சுக்கக் கூடாதுன்னு சொல்லலையே. தெனமும் கேக்குறேன். பேரு வரலேன்னா, இருக்காகன்னுதானே அர்த்தம்?"

எவ்வளவோ வீடுகளில் எவ்வளவோ சாமான்களைக் கழற்றி எடுத்து வந்திருக்கிறேன். அந்த வீட்டில் கை வைக்க மனது வரவில்லை. ஆனால் தடைக்காலம் முடிய அதிக நாள் இல்லை.

"அம்மா, உங்க கம்பத்து மேல இருக்குற பெட்டி கெட்டுப்போச்சு. அது கேக்க மட்டும் செய்யல, கத்துது. அது கத்துறதுனால படகுக்காரங்க கூப்புடுறது கரையில கேக்க மாட்டேங்குது."

"ரேடியோ கேக்குற சாமான் எப்படித் தாயி கத்தும்?"

சேவியரின் செட்டை எடுத்துச் சேனல் பதினாறில் வைத்து அவர் பக்கத்தில் தரையில் நிறுத்தினேன். "நீங்களே ஸ்விட்சைப் போட்டுப் பாருங்க," என்றேன். போட்டார். செட் இரைந்தது. அணைத்தார். அமைதியானது. மறுபடி போட்டார், மறுபடி அணைத்தார். ஒவ்வொரு முறையும் என்னைப் பார்க்காமல் செட்டையே பார்த்தார்.

"யாரு செட்டு இது?"

"சேவியர்னு ஒருத்தர். விசைப்படகு ஓட்டுறவர்."

"ஜெசிந்தா புருசனா?" அவர் கை ஸ்விட்சிலேயே நின்றது. "அவன் படகு திரும்பலேன்ன அன்னைக்கு ராப்பூரா அவ கூட நாந்தானே உக்காந்திருந்தேன். எத்தனை மணிக்குக் கூப்பிட்டானாம்?"

"சாயங்காலம். வெளிச்சம் இருக்கும்போதே கூப்பிட்டிருக்கார்."

பஞ்சவர்ணம் முருங்கைக் காம்பு ஒன்றை விரலால் ஒடித்து ஒடித்துப் போட்டார்.

"அப்ப நான் இங்கன சாவு கேட்டுக்கிட்டு இருந்திருக்கேன்," என்றார்.

எழுந்தார். சுவரிலிருந்து அடாப்டரைப் பிடுங்கி, வயரைச் சுற்றி, என் கையில் வைத்தார். "கொண்டு போங்க. மேல இருக்குறதையும் இறக்கிருங்க." அடுப்படிக்குப் போய்விட்டார். அழுதிருப்பார் என்றுதான் நினைக்கிறேன், நாங்கள் போய்ப் பார்க்கவில்லை.

விதிப்படி எங்கள் வேலை அத்துடன் முடிந்தது. இடையூறு செய்த சாதனம் கிடைத்துவிட்டது, அதை வைத்திருந்தவரே கழற்றிக்கொள்ளச் சொல்லிவிட்டார். நான் அடாப்டரைப் பையில் போட்டேன். கதிரேசன் சார் மட்டும் கிளம்பவில்லை. கொல்லைக்குப் போய்க் கம்பத்தை அண்ணாந்து பார்த்தார். கம்பத்திலிருந்து கேபிள் கொல்லையைக் கடந்து, கூரையின்மேல் ஓடி, முன்னறைக்கு வருவதைக் கையால் தொட்டுக்கொண்டே வந்தார்.

"இவ்வளவு நீளத்துக்கு, இவ்வளவு மட்டமான கேபிள். சிக்னல் பாதி வழியிலயே செத்துருது. அதனாலதான் பூஸ்டர் தேவைப்பட்டிருக்கு," என்றார். பிறகு அடுப்படிப் பக்கம் குரல் கொடுத்தார்: "ஏம்மா, ரேடியோ உங்கக்கிட்ட வரணும்னு எதுக்கு? நீங்க கம்பத்துக்கிட்டப் போய் உக்காந்தா ஆகாதா?"

முந்தின நாள் போலீஸ் என்று சொன்ன மனிதர் அன்று மத்தியானம் வரைக்கும் அந்தக் கொல்லையில் நின்றார். டிரைவர் கம்பத்தை இறக்க, பூஸ்டரைக் கழற்றி எறிந்தோம். அரித்த கனெக்டரை மாற்றி, எங்கள் வேனில் இருந்த நல்ல கேபிளில் கம்பத்தின் உயரத்துக்கு மட்டும் வெட்டிப் போட்டோம். ரேடியோவுக்கு பேட்டரி போட்டு, கம்பத்தடியில் வேப்பமரத்து நிழலில் ஒரு மீன்பெட்டியைக் கவிழ்த்து அதன்மேல் வைத்தார் சார். முள்ளைத் திருப்பினார். அந்தக் கரையின் குரல் கொஞ்சம் மெலிவாக, ஆனால் தெளிவாக வந்தது. என் திரையில் சேனல் பதினாறு கருநீலமாகவே இருந்தது.

மத்தியான வாசிப்புக்கு நேரமாகியிருந்தது. பஞ்சவர்ணம் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, கம்பத்தடியில் மணலில் உட்கார்ந்தார்.

வெறுமையாக இருக்கும் இடம்

தடைக்காலம் முடிவதற்கு முன்பே சேவியர் செட்டை வந்து வாங்கிக்கொண்டார். எங்கிருந்து வந்தது இரைச்சல் என்று கேட்டார். கெட்டுப்போன ஒரு பூஸ்டர் என்று மட்டும் சொன்னேன். யார் வீடு என்று நான் சொல்லவில்லை. ஆனால் பஞ்சவர்ணம் அதற்கு முன்பே ஜெசிந்தா வீட்டுக்குப் போய்த் தானே சொல்லிவிட்டிருந்தார்.

"அக்கா வந்து அழுதுச்சு மேடம். நான் என்னத்தைச் சொல்ல? சாயங்காலம் படகு கரைக்கு வந்ததும் அக்கா கடைக்குத்தான் முதல்ல போவேன். இனியும் அப்படித்தான் போவேன்," என்றார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

படகுகள் இறங்கிய அன்று, சரிபார்ப்பு அளவீட்டுக்காக மறுபடி அக்காள்மடம் போனேன். வேனைப் பஞ்சவர்ணத்தின் வேலியோரம் நிறுத்திவிட்டு, மடிக்கணினியோடு கொல்லைக்குப் போனேன். அவர் கவிழ்த்த பெட்டிக்குப் பக்கத்தில் இருந்தார். பக்கத்தில் இன்னொரு பெட்டியைக் கவிழ்த்துக் காட்டினார். அவருக்கு ரேடியோ, எனக்கு வாட்டர்ஃபால்.

புதிதாக வேலைக்கு வந்தவர்களுக்கு நான் சொல்லிக்கொடுத்ததெல்லாம் இந்தக் கேஸிலிருந்துதான். திரையில் தெரிவது சிக்னல் மட்டும் அல்ல, நீங்கள் வைத்த செட்டிங்கும் சேர்ந்துதான் தெரிகிறது. அகலமாக வைத்துப் பார்த்தபோது கடத்தல்காரன் தெரிந்தான், குறுக்கிப் பார்த்தபோது அடாப்டர் தெரிந்தது. அதனால் ஒரு படத்தை நம்புவதற்கு முன்னால் செட்டிங்கை மாற்றிப் பாருங்கள். அதோடு, எங்கே, எவ்வளவு வலுவாக, எவ்வளவு நேரம் என்ற மூன்றுக்கும்தான் படத்தில் இடம் உண்டு. எதற்காக என்பதற்கு அதில் இடம் கிடையாது. அதை அறிய ஒரு வீட்டு வாசலில் போய், அவர்கள் கையை இறக்கும்வரை காத்து நிற்க வேண்டும்.

இன்னொன்றையும் அன்றுதான் கற்றுக்கொண்டேன். அதுவரைக்கும் நான் கோடுகளைத்தான் பார்த்தேன், கோடு இல்லாத இடத்தை வேலை இல்லாத இடம் என்று நினைத்தேன். அன்று சேனல் பதினாறு மேலிருந்து கீழ்வரை ஒரு கீறல்கூட இல்லாமல் கருநீலமாக இறங்கிக்கொண்டிருந்தது. கடலில் அத்தனை படகுகளும் இருந்தன, யாரும் கூப்பிடவில்லை. கரையோர நிலையத்தில் ஒருவர் அந்த வெறுமைக்குத்தான் காது கொடுத்து உட்கார்ந்திருந்தார். எனக்குப் பக்கத்தில் பஞ்சவர்ணமும் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்.

ரேடியோவில் கடைசிப் பெயரும் வாசித்து முடிந்தது. பாட்டு தொடங்கியது. பஞ்சவர்ணம் அணைத்துவிட்டு, என் திரையை எட்டிப் பார்த்தார்.

"என்ன தாயி, உங்க பெட்டியில ஒண்ணையும் காணோம்?"

"ஆமாக்கா. ஒண்ணும் வரல."

"எனக்கும் வரல," என்றார். முழங்காலில் கையூன்றி எழுந்தார். "இருக்கட்டும். வாங்க, டீ போடுறேன்."